ஃபர்வானியாவில் குழந்தைகள் வரும் நாள்

புளித்த மாவு அடுப்பில் வேகும் வாசனையும், ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் மூக்கில் ஏறுமே அந்தக் காரமான மணமும் கலந்து, எங்கள் கட்டிடத்தின் மாடிப்படியில் இரண்டாம் தளத்திலிருந்து மூன்றாம் தளம் வரை அசையாமல் நின்றுகொண்டிருந்தன. பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கிப் புத்தகப் பையை இழுத்துக்கொண்டு ஏறிய நான், எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் எதிர்வீட்டுக் கதவருகில் போய் நின்றேன். அந்த வாசனை அங்கிருந்துதான் வந்தது. கதவைத் திறந்த எலேனா ஆன்ட்டியின் முழங்கை வரை மாவு ஒட்டியிருந்தது. உள்ளே வா என்று தலையை அசைத்தாள். குவைத்தில் ஃபர்வானியாவில் நாங்கள் குடியிருந்த அந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. அக்டோபர் முடிய இன்னும் நான்கைந்து நாட்கள் இருந்தன. வெயில் சற்றே இறங்கி, மத்தியானத்தில் ஏசியை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வைக்கலாம் என்கிற பருவம்.

என் அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தார். புதுக்கோட்டைப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. அப்பாவோடு வந்தவர்களில் பெரும்பாலோர் "கேம்ப்"பில் எட்டுப் பேர் ஒரு அறையாகத் தங்கியிருக்க, குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் அளவுக்குச் சம்பளம் இருந்ததால் நாங்கள் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். முந்தின வருடம் வரை அந்த வீட்டில் நான்கு பேர். நான் சொல்லப்போகும் அக்டோபரில் மூன்று பேர்.

என் தம்பி செந்தில் குவைத்திலேயே பிறந்தவன். ஒன்றரை வயதில், ஜனவரி மாதக் குளிரில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். வியாழக்கிழமை விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடலை ஊருக்கு அனுப்புவதா என்று அப்பா தொலைபேசி நிலையத்துக்குப் போய்க் காத்திருந்து ஊரில் பேசினார். "பால்மணம் மாறாத பிள்ளை, அங்கேயே மண்ணில் வைத்துவிடு" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் அவருடைய கம்பெனி ஆட்கள் நான்கு பேரும் போனார்கள். அம்மாவும் நானும் வீட்டில் இருந்தோம். பெண்பிள்ளைகள் அந்த இடத்துக்கு வரக்கூடாது என்றார்கள். தம்பியை எடுத்துக்கொண்டு போனபோது அம்மா அவனுடைய கம்பளித் தொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், குளிர் காலம் என்பதால். அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. "சின்னப் பிள்ளைக்குத் திதி கிடையாது, தெவசம் கிடையாது" என்று அப்பாவின் அக்கா எழுதியிருந்தார். "போன பிள்ளையைப் பேசிக்கொண்டிருந்தால் வருகிற பிள்ளை நிற்காது" என்று அம்மாவின் சித்தி எழுதியிருந்தார். படத்தை மாட்டாதே, துணிமணியை வைத்துக்கொள்ளாதே, அழாதே. இதையெல்லாம் அவர்கள் கல்மனத்தோடு எழுதவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. இரண்டாயிரம் மைல் தொலைவில் தனியாகக் கிடக்கும் ஒருத்திக்கு அவர்களால் அனுப்ப முடிந்த மருந்து அது ஒன்றுதான். அப்பா அந்த மருந்தை அப்படியே கொடுத்தார். தொட்டிலையும் நடைவண்டியையும் கீழ்த்தளத்து மலையாளிக் குடும்பத்துக்குக் கொடுத்தார். ஸ்டூடியோவில் எடுத்த ஒரே ஒரு படத்தை அலமாரிக்கு மேலிருந்த சூட்கேஸுக்குள் வைத்தார். என்னைக் கூப்பிட்டு, "அம்மா முன்னாடி தம்பி பேரைச் சொல்லக்கூடாது, சரியா?" என்றார். சரி என்றேன். பத்து மாதமாக யாரும் சொல்லவில்லை. அம்மா சமைத்தாள், துவைத்தாள், என் தலையை வாரிவிட்டாள். சில நாட்களில் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, அரிசியைப் போடாமல் தண்ணீர் வற்றும் வரை அதன் எதிரிலேயே நின்றிருப்பாள்.

எலேனா ஆன்ட்டி கோடையில்தான் எதிர்வீட்டுக்கு வந்தாள். மெக்சிகோ நாட்டுக்காரி. அவளுடைய கணவர் நபில் லெபனான்காரர், இளம் வயதில் மெக்சிகோவுக்குப் பிழைக்கப் போய், அங்கே அவளை மணந்துகொண்டு, இப்போது குவைத்தில் எஞ்சினியராக வேலைக்கு வந்திருந்தார். அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. எலேனா ஆன்ட்டிக்கு உடைந்த ஆங்கிலமும் கடைக்கு வேண்டிய அரபியும் தெரியும். அம்மாவுக்குத் தமிழும் கடைக்கு வேண்டிய அரபியும் தெரியும். ஆகவே இல்லை என்பதற்கு "மாஃபி", முடிந்தது என்பதற்கு "கலாஸ்" என்கிற அளவில் இருவரும் பேசிக்கொள்வார்கள், அதற்கு மேல் போனால் நான் வேண்டும். மிளகாயை இருவருமே கைநிறைய அள்ளிப் போடுகிறவர்கள் என்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து வற்றல் குழம்பும் அவர்களுடைய சோள ரொட்டியும் இரண்டு கதவுகளுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தன.

அன்று அவள் அடுப்பில் இருந்தது வட்டமான, கைப்பிடி அளவு ரொட்டிகள். மேலே மாவைத் திரித்துக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தாள். இது என்ன என்று கேட்டேன். "எலும்பு" என்றாள் ஆங்கிலத்தில், மிகச் சாதாரணமாக, கத்தரிக்காய் என்பது போல. ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டு, லெபனான் கடைகளில் பாட்டிலில் விற்கும் ஆரஞ்சுப் பூத் தண்ணீரையும் விட்டுப் பிசைந்தால்தான் அந்த ரொட்டி சரியாக வருமாம். செத்துப்போனவர்கள் வாசனையைத்தான் சாப்பிடுவார்கள், மீதி நமக்கு என்றாள். எனக்கு முதுகு சில்லிட்டது. ஆனால் அங்கிருந்து போகவும் மனமில்லை.

மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் பள்ளி விட்டதும் அங்கேதான் போனேன். சுருக்கம் வைத்த ஆரஞ்சு நிறத் தாளை அடுக்கி, விசிறி போல மடித்து, நடுவில் கட்டி, ஒவ்வொரு தாளாகப் பிரித்துவிட்டால் பூவாகிவிடும். எங்கள் ஊரில் செண்டுமல்லி என்போமே, அதே பூ. அவள் ஊரில் அந்தப் பருவத்தில் வயல் வயலாகப் பூக்குமாம். குவைத்தில் ஏது? தாளில் செய்தோம். வரவேற்பறைச் சுவரோரம் ஒரு மேசையைப் போட்டு, அதன் மேல் இரண்டு மரப்பெட்டிகளைப் படிபோல அடுக்கி, வெள்ளைத் துணி விரித்தாள். கொலு வைக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். படியில் பொம்மைகளுக்குப் பதில் படங்கள் வந்தன. அவளுடைய அப்பா, தொப்பி போட்டுக்கொண்டு ஒரு குதிரைக்குப் பக்கத்தில். நபில் மாமாவின் அம்மா, கறுப்பு உடையில். கடைசியாக, மேல்படியின் நடுவில், ஒரு சின்னப் பையன், முன்பல் இரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டு. அவனுக்கு முன்னால் மட்டும் ஒரு தகரக் காரும் சாக்லேட்டும் வைத்தாள்.

"மாத்தேயோ" என்றாள். "என் மகன். மூன்று வயது. ஏழு வருடம் ஆகிறது."

அவளுடைய ஊரில் நவம்பர் முதல் தேதி குழந்தைகளுக்கானது, இரண்டாம் தேதி பெரியவர்களுக்கானது என்று அவள் எனக்கு விளக்கினாள். முதல் தேதி பகலில் இறந்துபோன குழந்தைகள் எல்லாம் வீட்டுக்கு வருவார்கள். நெடுந்தூரம் வருவதால் தாகமாக இருக்குமாம், அதற்குத் தண்ணீர். வழி தெரிய மெழுகுவர்த்தி. வாசலிலிருந்து மேசை வரை பூவைத் தூவிவிட்டால் தவறாமல் வந்து சேர்ந்துவிடுவார்கள். பெரியவர்கள் மெதுவாக மறுநாள் வருவார்கள், கால்வலிக்காரர்கள் அல்லவா என்று சிரித்தாள். பிறகு தூபம் போடுவதற்கு ஒரு கல்லைக் காட்டினாள். கடைத்தெருவில் வாங்கிய "லுபான்". எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தலை குளித்தால் போடுகிற சாம்பிராணியேதான்.

நான் மடித்துக்கொண்டிருந்த தாளைப் பார்த்தபடி, எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான் என்றேன். இருந்தான் என்று சொல்லத் தெரியாமல் இல்லை. அன்று வாயில் அப்படித்தான் வந்தது. எலேனா ஆன்ட்டி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கோடையில் வந்த அவளுக்கு எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் தெரியாது. பெயர் என்ன என்று கேட்டாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னேன். பத்து மாதத்துக்குப் பிறகு என் குரலில் அந்தப் பெயரைக் கேட்டது எனக்கே பயமாக இருந்தது. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். டீயில் நனைத்த ரஸ்க், தேங்காய்ச் சில்லு, அப்பாவின் செருப்பு என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல நிறுத்த முடியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருந்தபோது, நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறி, சூட்கேஸைத் திறந்து, படத்தை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டில் கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று எலேனா ஆன்ட்டி கேட்டாள். தெரியும் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் நவம்பர் முதல் தேதி, வியாழக்கிழமை, பள்ளி கிடையாது. கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள் பார்த்துவிட்டு எதையாவது பேசப் போகிறான் என்று எலேனா ஆன்ட்டி திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தாள். அறையில் மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டும். மேல்படியில் மாத்தேயோவின் பக்கத்தில் என் தம்பி, கண்ணுக்கு மை தீட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு, ஸ்டூடியோக்காரன் கொடுத்த பந்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு கோப்பையில் டீ, தட்டில் நான்கு ரஸ்க். பகல் பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வருவார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

வந்தது அம்மா. சாப்பாட்டுக்கு என்னைத் தேடிக்கொண்டு, தாழ் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சாம்பிராணி வாசனையில் ஒரு கணம் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பிறகு மேசையைப் பார்த்தாள். தாள்பூக்கள் மேல் கால் வைத்து நடந்து போய், படத்தை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, திரும்பி என்னை அறைந்தாள். அதற்கு முன்பும் பின்பும் அம்மா என்னை அடித்ததில்லை. எலேனா ஆன்ட்டி எழுந்திருப்பதற்குள் எங்கள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

வீட்டுக்குள் அம்மா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. படத்தைப் பார்க்கவும் இல்லை. கவிழ்த்து மடியில் வைத்திருந்தாள். கால் மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. நான் திறந்தேன். எலேனா ஆன்ட்டி உள்ளே வராமல் வாசற்படியிலேயே, மாடிப்படிச் சிமெண்டுத் தரையில், அம்மாவைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள். என்னிடம், நான் சொல்வதை அப்படியே சொல், எதையும் மாற்றாதே என்றாள். என் பொய் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது புரிந்தது.

உங்களைக் கேட்காமல் செய்தது என் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றாள். சொன்னேன். இந்தப் பிள்ளையை அடிக்காதீர்கள், அவளுக்குத் தம்பியைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்றாள். அதையும் சொன்னேன். எனக்கும் ஒருவன் போய்விட்டான், எங்கள் ஊரில் யாரும் என்னை மறக்கச் சொல்லவில்லை, மறந்துவிடாதே என்றுதான் சொன்னார்கள், அதனால்தான் நான் எழுந்து நடமாடுகிறேன் என்றாள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று திணறினேன். அரைகுறையாகச் சொல்லி முடித்தேன்.

 அம்மா என்னைப் பார்க்காமல், "அந்தப் புள்ளைய எங்க வச்சிருக்காங்கன்னு கேளு" என்றாள்.

கேட்டேன். ஊரில், தன் அப்பாவின் பக்கத்தில், ஒரு வேப்பமரம் போன்ற மரத்தடியில் என்றாள் எலேனா ஆன்ட்டி. இந்த வருடம் தன்னால் போக முடியாது, நாளை தன் தங்கை போய்க் கல்லறையைக் கழுவிப் பூ வைப்பாள் என்றாள். "உங்கள் மகன் எங்கே?" என்று கேட்டாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு அது மொழிபெயர்க்காமலே புரிந்துவிட்டது.

"தெரியாதுன்னு சொல்லு" என்றாள். "எங்க வச்சாங்கன்னு எனக்குக் காட்டலன்னு சொல்லு."

சொன்னேன். எலேனா ஆன்ட்டிக்கு விளங்கவில்லை. என் ஆங்கிலம் தப்போ என்று நினைத்து, எப்படித் தெரியாமல் இருக்கும் என்று திரும்பக் கேட்டாள். இரண்டாவது முறை நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மா அழும் சத்தம் அதுதான் என்று தெரிந்துகொள்ளவே எனக்குச் சற்று நேரமாயிற்று. ஜனவரியில் அழ வேண்டியதை அவள் அன்றைக்கு அழுதாள். மேல்தளத்துக் கதவு ஒன்று திறந்து மூடியது. எலேனா ஆன்ட்டி உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதற்கு என் உதவி வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமைகளில் அப்பாவுக்கு அரைநாள் "டூட்டி". இரண்டரை மணிக்கு வந்தார். வீங்கிய முகத்தோடு அம்மாவையும், சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தையும், அதன் முன்னால் எலேனா ஆன்ட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்த மெழுகுவர்த்தியையும் பார்த்து, செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"எங்க வச்சீங்க?" என்று அம்மா கேட்டாள்.

அதெல்லாம் எதற்கு இப்போது என்று அப்பா ஆரம்பித்தார். பெண்கள் போகிற இடமில்லை, ஊரில் தெரிந்தால் என்ன சொல்வார்கள், போனால் திரும்ப மனம் கெட்டுவிடும், டாக்டரே சொன்னார். அவர் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சின்னதாகிக்கொண்டே போயிற்று.  அம்மா அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அதே குரலில், "எங்க வச்சீங்க?" என்று மறுபடி கேட்டாள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். எல்லோரும் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அடையாள அட்டையை உருவினார். அட்டைக்குப் பின்னால் நான்காக மடித்த ஒரு சிறு தாள் இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, எண்ணெய் பிடித்து, அரபியில் ஏதோ எழுதி, அடியில் ஒரு எண். வரிசை ஏழு, குழி இருபத்தொன்று.

"பத்து மாசமா இங்கதான் வச்சிருக்கேன்" என்றார். "உன்கிட்ட கொடுத்தா நீ செத்துப்போயிருவேன்னு நெனச்சேன்."

அம்மா அந்தத் தாளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய் அவருக்குச் சோறு போட்டாள். அவர் சாப்பிடவில்லை. தட்டில் கை வைத்தபடி அவரும் அழுதார். நான் எதிர்வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நபில் மாமாவின் பழைய வெள்ளைக் காரில் ஐந்து பேரும் போனோம். முன்பக்கம் ஆண்கள் இருவர், பின்பக்கம் நாங்கள். அம்மாவின் மடியில் ஒரு தூக்குவாளி, என் மடியில் தாள்பூக்கள் நிறைந்த அட்டைப்பெட்டி. ஊரைத் தாண்டி, சாலைக்கு இருபுறமும் மணலும் மின்கம்பமுமாக வெகுதூரம் போய், முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த இடுகாட்டுச் சுவருக்கு முன்னால் கார் நின்றது. மரம் ஒன்றுகூட இல்லை. உள்ளே போனதும் அப்பா வலப்பக்கம் நடந்தார், நின்றார், இடப்பக்கம் திரும்பினார். அன்றைக்குப் புழுதிக் காற்றாக இருந்தது, ஒன்றும் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காவல் அறையிலிருந்து ஒரு கிழவர் வந்தார். பாகிஸ்தான்காரர். தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பச்சா லோக் உதர் ஹை, பாய்" என்று சுவரோரம் கையைக் காட்டினார். குழந்தைகள் அந்தப் பக்கம்.

அந்த வரிசைகளில் மேடுகள் எல்லாம் சிறியவை. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் எண் எழுதிய ஒரு சிமெண்டுத் துண்டு. சிலவற்றில் மணல் உரசி எண் பாதி அழிந்திருந்தது. பதினெட்டு, பத்தொன்பது என்று கிழவர் முணுமுணுத்துக்கொண்டே போய், ஒன்றின் முன் நின்று, தோள் துண்டால் சிமெண்டைத் துடைத்துவிட்டு, நாங்கள் பார்க்க விலகி நின்றார்.

அம்மா என்ன செய்வாளோ என்று அப்பா அவளுடைய கைக்கருகில் தன் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவள் விழவில்லை, கதறவில்லை. மெதுவாக உட்கார்ந்து, மணலை இரண்டு கையாலும் தடவிக் கொடுத்து, அதில் கிடந்த சிறு கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். பாயில் உறுத்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தானே பிள்ளையைப் போடுவோம், அந்த மாதிரி.

"எம்புட்டுத் தூரத்துல வந்து படுத்திருக்க" என்றாள். "அம்மாவுக்கு வழி தெரியலடா."

தூக்குவாளியைத் திறந்து டீயை ஊற்றினாள். மணல் உடனே குடித்துவிட்டது. ரஸ்க்கை வைத்தாள். எலேனா ஆன்ட்டி பூக்களைத் தூவினாள். காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் பறக்கவிட்டது. அப்பா ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பிடித்து வந்து, அம்மா பொறுக்கிப் போட்ட கற்களை எடுத்துப் பூவின் மேல் வைத்தார். பூ, கல், பூ, கல் என்று அவர் மேட்டைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு போனதும், கோடு போட்டது போல அது நேராக இருந்ததும் நினைவிருக்கிறது. எலேனா ஆன்ட்டி கைப்பையிலிருந்து அந்தத் தகரக் காரை எடுத்தாள். இதை இங்கே வைக்கட்டுமா, என் மகனிடம் போக எனக்கு வழியில்லை, இவன் மூலமாகவாவது போகட்டும் என்று என்னைக் கேட்கச் சொன்னாள். அம்மா அந்தக் காரைத் தன் கையால் வாங்கி, சிமெண்டுத் துண்டின் பக்கத்தில், சக்கரம் பாதி மணலில் பதியும்படி வைத்தாள். சற்றுத் தள்ளி நின்றிருந்த கிழவர் இரண்டு கைகளையும் ஏந்தித் தன் வழக்கப்படி ஏதோ ஓதிவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்மா மறுநாளே சிரித்தாள் என்று சொன்னால் பொய். உலைத்தண்ணீர் வற்றிய நாட்கள் பின்னரும் இருந்தன. ஆனால் தம்பியின் பெயர் வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டது. ரஸ்க் வாங்கினால், "செந்திலு இருந்தா இத விடுவானா" என்பாள். படம் சூட்கேஸுக்குத் திரும்பவில்லை. சாமி அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் தனியாக ஒரு ஆணியில் தொங்கியது. விஷயம் ஊருக்குத் தெரிந்து அத்தை கோபமாக ஒரு கடிதம் எழுதினார். அப்பா அதற்கு எழுதிய பதிலைத் தபாலில் போடுமுன் எனக்குப் படித்துக் காட்டினார்: "எங்கள் பிள்ளையை நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் அக்கா, அதில் யாருக்கும் தோஷம் இல்லை." அவர் அக்காவுக்கு அதுவரை அப்படி எழுதியவர் இல்லை. அதன் பின் ஒவ்வொரு நவம்பரிலும் முதல் தேதி எலேனா ஆன்ட்டி வீட்டு மேல்படியில் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். அம்மா அதிரசம் சுட்டுக் கொண்டுபோவாள். எலும்பு போட்ட ரொட்டி எங்கள் வீட்டுக்கு வரும். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, வாளியும் பெட்டியுமாக எல்லோரும் இடுகாட்டுக்குப் போவோம். ஐந்து வருடம் அப்படிப் போனோம்.

தொண்ணூறாம் வருடக் கோடையில் நாங்கள் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது குவைத்துக்குள் ஈராக் ராணுவம் புகுந்தது. ரேடியோவைச் சுற்றி ஊரே உட்கார்ந்து, வீடு போச்சே, சாமான் போச்சே, வேலை போச்சே என்று எங்களுக்காகப் பரிதாபப்பட்டது. அம்மா மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள் என்பதை நானும் அப்பாவும் அறிவோம். நாங்கள் திரும்பிப் போகவே இல்லை. எலேனா ஆன்ட்டியும் நபில் மாமாவும் சாலை வழியாக ஜோர்டான் போய், அங்கிருந்து மெக்சிகோ போய்ச் சேர்ந்ததாகப் பின்னால் ஒரு கடிதம் வந்தது. மாத்தேயோவின் கல்லறையைத் தன் கையால் கழுவியதாக எழுதியிருந்தாள். அந்த உறைக்குள், நொறுங்கிப்போன உண்மையான செண்டுமல்லி இதழ்கள் இருந்தன. அம்மா என்னைப் பதில் எழுதச் சொன்னாள். இரண்டு மூன்று கடிதங்களுக்குப் பிறகு, நாங்கள் வீடு மாறியதிலோ அவர்கள் மாறியதிலோ, தொடர்பு விட்டுப்போயிற்று.

சில வருடங்களுக்கு முன் அலுவலக வேலையாக மூன்று நாள் குவைத் போனேன். ஃபர்வானியாவில் எங்கள் கட்டிடம் இருந்த இடத்தில் கண்ணாடி முகப்போடு பன்னிரண்டு மாடி எழுந்திருக்கிறது. இடுகாட்டுக்கும் போனேன். சுவர் புதிது, காவலர் இளைஞர், வங்காளி. எண்ணைச் சொன்னேன். போருக்கு முந்தின ஏடு தங்களிடம் இல்லை என்றார், நல்லவிதமாகவே. சுவரோரம் நடந்து பார்த்தேன். அங்கே மணல் ஒரே சமமாக இருந்தது. ஏழாவது வரிசை இதுவாக இருக்கலாம் என்று தோன்றிய ஓர் இடத்தில் நின்றுவிட்டு வந்தேன். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. பார்த்தியா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். சுத்தமா வச்சிருக்காங்களா என்றாள். வச்சிருக்காங்க என்றேன்.

போன மாதம் திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். புரை எடுக்க வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடி உட்கார வைத்திருந்தார்கள். ஒரு நர்ஸ், சின்னப் பெண், படிவத்தை நிரப்பிக்கொண்டே பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றாள் அம்மா. "ஒண்ணு இந்தா நிக்கிறா. இன்னொண்ணு குவைத்ல."

"மகனா? லீவுக்கு வருவாராம்மா?" என்றாள் அந்தப் பெண், தலையை நிமிர்த்தாமல்.

"வருவான்" என்றாள் அம்மா, மூடிய கண்களோடு. "வருஷத்துல ஒரு நாளு."

நர்ஸ் அதைக் கேட்டுக்கொண்டு, சர்க்கரை உண்டா என்று அடுத்த கேள்விக்குப் போனாள்.